சாம்சனின் லீவர்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் வேலை செய்த சாம்சன் இறந்தபின், ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அவன் மனைவி ஏஞ்சல் அவன் கம்ப்யூட்டரில் ஆடிய போர் விமான விளையாட்டின் முன் உட்காருவாள். எதிரி விமானத்தைக் கண்டால் பதறி மூக்கை மேலே தூக்குவாள். வேகம் செத்து விமானம் கீழே விழும்.

ஒரு வாரம் அப்படி விழும்போது, மேசையில் அவன் பொருத்தியிருந்த, வேகம் கூட்டும் எஞ்சின் லீவர் யாரும் தொடாமல் முன்னே நகர்ந்தது. வேகம் கூடி விமானம் நிமிர்ந்தது.

அதன்பின் அவள் வேண்டுமென்றே விழவிட்டாள். லீவர் தவறாமல் நகர்ந்தது. ஆனால் வாரத்துக்கு வாரம் மெதுவாக.

மாமியார் சின்னப்பொண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "டூட்டி முடிச்சு வந்த அலுப்போடயே தள்ளிக்கினு கீறான். புள்ளைக்கு முடியல, ஏஞ்சலு."



அடுத்த ஞாயிறு விமானம் விழுந்துகொண்டிருந்தபோது லீவர் பாதியில் நின்று நடுங்கியது. அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

"விடுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

முதலில் அது இறுகியே இருந்தது. பிறகு லேசாகிவிட்டது. மீதியை அவளே தள்ளினாள். விமானம் மேலே ஏறியது.

சின்னப்பொண்ணு எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டு, மகனை வழியனுப்புவதுபோல அங்கேயே நின்றாள்.