மூலை மழுங்கிய தொட்டி

கடற்கழியின் வெளிச்சம் பனி படிந்த சன்னல் வழியே சால்மன் மீன்குஞ்சுத் தொட்டிக்குள் சாய்ந்து விழுகிறது. சுன்னிவா விளிம்பில் முழங்கையூன்றிக் குனிந்திருக்கிறாள். நேற்றுவரை நான்கு மூலைகளிலும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குஞ்சுகள் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து மூச்சுமுட்டிச் செத்தன. தினமும் காலையில் செத்தவற்றை அவள்தான் வலையால் அள்ளினாள். இடம் மிச்சமாகுமென்று தொட்டியைச் சதுரமாகக் கட்டிய அஸ்முண்ட், நேற்று மாலை மண்டிபோட்டு மூலைகளில் வளைந்த தகடுகளைப் பொருத்தினான். தண்ணீர் விழும் குழாயையும் தொட்டிச் சுவரோரமாகத் திருப்பிவைத்தான். இப்போது தண்ணீர் மெல்லச் சுழல்கிறது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்து, வாலை மட்டும் அசைத்தபடி நின்ற இடத்திலேயே நீந்துகின்றன. “மூலைய மாத்து மாத்துன்னு ஒரு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே, அப்ப காதுல என்ன, பஞ்சா வெச்சிருந்தே?” என்கிறாள் அவள். “மெதுவாப் பேசு, மிரண்டுறப்போகுதுங்க,” என்கிறான் அஸ்முண்ட். அவன் கையிலிருக்கும் காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் வலையை அடிவரை இறக்கி, ஓரங்களிலும் நடுவிலும் துழாவி எடுக்கிறாள். தண்ணீர் மட்டும் சொட்டுகிறது. அவன் வலையையே பார்க்கிறான். “இன்னொரு தடவ போட்டுப் பாரேன்,” என்கிறான், கெஞ்சுவதுபோல. அவள் கேலி எதுவும் செய்யாமல் மறுபடியும் வலையை இறக்குகிறாள்.