பாடல் பதிவாகிறது

அக்கா கதவில் காது வைத்தபோது நான் அப்பாவின் தும்மலைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் தும்மல் லேசுப்பட்டதல்ல. ஒன்று போட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்பார். கையெடுத்துக் கும்பிட்டு, தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, ஒருவழியாக அதைத் தெருவோடு அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

அக்கா அசையவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி. பாடகி. அதாவது, போன மாதத்திலிருந்து பாடகி.

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலையில் வீடு திரும்பியதும் நேரே அறைக்குள் போய்விடுவாள். தொண்டை அப்போதுதான் பதமாக இருக்கும் என்று வீட்டில் நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

வீட்டில் பாட்டுப் பதிவதென்றால் பாதி குரல், பாதி அறை. ஜன்னலை மறைத்துக் கனத்த கம்பளி தொங்கவேண்டும். இல்லாவிட்டால் குரல் கண்ணாடியில் முட்டித் திரும்பி, குளியலறையில் பாடியது போலக் கேட்கும். வெறும் தரை எதிரொலிக்கும், அதனால் மெத்தை விரிக்கவேண்டும். கதவிடுக்கில் துண்டைச் செருகவேண்டும்.

சாப்பிடும்போது இதையெல்லாம் விளக்கினேன். குடும்பமே கையில் எடுத்த சோற்றை மறந்து கேட்டது. சத்தம் புகுந்தால் பிறகு எடுத்துவிடலாமே என்றார் அப்பா. பதிவில் விழுந்த சத்தம் சமையலில் விழுந்த உப்பு மாதிரி, எந்தக் கொம்பன் வந்தாலும் பொறுக்கி எடுக்கமுடியாது என்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அன்றிலிருந்து, பாட்டு முடியும்வரை மிக்ஸி ஓடாது. குக்கர் கூவாது. டீவி வாய் திறக்காது. அழைப்பு மணியின் கம்பியை நானே பிடுங்கிவைப்பேன்.

இதில் அதிகம் இழந்தவள் அக்கா. அத்தானின் வெளியூர் வேலை முடியும்வரை எங்களோடு தங்கியிருக்கிறாள். ஃபோனில் கத்திப் பேசாவிட்டால் அவளுக்குப் பேசின மாதிரியே இருக்காது. என் இசைக்காக ஒரு மாதமாக மொட்டைமாடி வெயிலில் நின்று கத்துகிறாள்.

அதனால் ஒரு பாட்டாவது போட்டுக்காட்டு என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. கேட்டாள். தாளம் அமுங்குகிறது, குரல் துருத்திக்கொண்டு நிற்கிறது, இரண்டையும் கலந்து பதமாக்க நாளாகும் என்று நானும் கடத்திப் பார்த்தேன். மேதை என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டு, இன்றைக்குக் கதவுக்கே வந்துவிட்டாள்.

"டேய் மேதை, உள்ள ஃபேன் ஓடுதுடா."

மாட்டிக்கொண்டேன்.

ஒலிப்பதிவுக்கு முதல் எதிரி ஃபேன்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். அதை நிறுத்தாமல் மைக்கைத் தொடுகிறவன் கலைஞனே இல்லை என்றுகூடச் சொல்லியிருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது பெரிய தலை.

பாட்டே கேட்கவில்லை, ஃபேன் மட்டும்தான் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே அக்கா கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு திருகு திருகினால் போதும். நாளையிலிருந்து வீடு பழையபடி ஆகிவிடும்.

சமையலறையிலிருந்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தானும் கதவில் காது வைத்தாள். ரசிப்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"அது ஃபேன் இல்லடி, சுருதிப் பெட்டி. தெரியலன்னா பேசாம இரு."

அக்கா மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அவளுக்கும் சுருதி கேட்டிருக்கவேண்டும். கைப்பிடியை விட்டுவிட்டு, இன்னும் அரைக் கட்டை ஏற்றி வைத்திருக்கலாம் என்று முணுமுணுத்தபடி ஃபோனோடு மாடி ஏறினாள்.

அம்மாவின் சங்கீத ஞானம் அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் உறுமினாலும் யாரோ ஆலாபனை செய்கிறார்கள் என்பாள். அந்த வெகுளித்தனத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவை ஓசையில்லாமல் திறந்து உள்ளே நழுவினேன்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மைக் அலமாரிமேல், வாங்கிவந்த அட்டைப்பெட்டிக்குள், ஒட்டின டேப்கூடப் பிரியாமல் இருந்தது. கீழே மெத்தையில், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல், பாடகி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்குகிறவர்களுக்காக எங்கள் வீட்டில் யாருக்கும் குரலைத் தணிக்கத் தெரியாது. அவளுக்கு ராத்திரி வேலை வந்த புதிதில் பாவம், முயற்சி செய்தார்கள். மெதுவா பேசுங்க, மருமக தூங்குது என்று அப்பா சொன்ன சொல்லில் அவளும் எழுந்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்தது. பிறகு ஒருநாள், கண் சொக்கியதில் இரண்டு பேருடைய ரத்தக் குப்பிகளில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள். நல்லவேளை, அடுத்த நிமிடமே அவளே பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் அழுதாள். எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் நடந்த முதல் காரியம் அதுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு இசை ஞானம் பிறந்தது.

வெளிச்சம் கசிந்த இடத்தில் கம்பளியை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா போகவில்லை. கலைந்த துண்டைக் கால்விரலால் கதவிடுக்கில் அழுத்தித் தள்ளினாள். பிறகு என்னைப் பார்க்காமல், எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்டறியாத ஒரு மெல்லிய குரலில் சொன்னாள்:

"நாளையிலேர்ந்து ரெண்டு பாட்டா எடுடா. ஒரு பாட்டு அவளுக்குப் பத்தல."