க்ளட்ச்சில் வைத்த கால்

மச்சினன் மறுபடியும் க்ளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினான்.

பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இதே காரில், இதே இருக்கையில் உட்கார்ந்து. காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அதைக் கால் மிதிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும். அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் யாருமில்லை.

அந்த வாய்தான் இப்போது படுத்துவிட்டது.

ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே பிசகாமல் நிற்கும். வாயைத் திறந்தால் 'ஆ' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேச்சு வராதவனுக்குக் காதும் கேட்காது என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. பார்க்க வந்தவர்கள் அவர் தலைக்கு மேலேயே உச்சுக் கொட்டினார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒரு பூனைப் படத்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன, சொல்லுங்க பார்ப்போம் என்று கொஞ்சினாள்.

தலை நரைத்த மனிதரிடம் பூனை!

பயிற்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மனைவி ஊட்டினால் சாப்பிட்டார். இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அப்போதுதான் வெளியூரில் வேலையில் இருந்த மச்சினன் வந்து சேர்ந்தான். அக்காவுக்கு ஒத்தாசையாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தான். குண்டுக்கட்டாக அவரைத் தூக்கி உள்ளே வைத்து, மறுபடி பயிற்சிக்கு அழைத்துப்போகத் தொடங்கினான்.

வண்டியையா ஓட்டினான்? வதைத்தான்.

எலும்பை முறிப்பதுபோல் கியரை முறித்தான். வளைவில் இண்டிகேட்டர் போடமாட்டான். போட்டால் அணைக்கமாட்டான். மீசை முளைத்த வயதில் இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே மாஸ்டர்தான். முதல் தடவையிலேயே தேறியவன். அத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டானே பாவி!

அன்றிலிருந்து மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. காலையில் எழுந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தார். பூனைக்காக இல்லை. யாருக்கும் நன்றி சொல்வதற்காகவும் இல்லை. இந்தத் தறுதலையை வாய் நிறையத் திட்ட ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். அது வராமல் சாகக் கூடாது.

இன்று பயிற்சி முடிந்து திரும்பும்போது, மேட்டில் சிக்னல் சிவப்பாகிவிட்டது.

ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டிய இடம். அவனோ க்ளட்ச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு, எஞ்சினை உறுமவிட்டு, வண்டியை மேட்டில் தொங்கவிட்டான். க்ளட்ச் பிளேட் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. பின்சீட்டில் மனைவி கையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

போதாக்குறைக்கு அவன் விசிலடித்தபடி திரும்பினான்.

"இந்தப் பழைய டப்பாவ தள்ளிவிட்டுரலாம் மாமா. உங்களுக்கு இனிமே எதுக்கு?"

மாஸ்டரின் இடது கால் பாய்ந்து போய் அவருடைய பிரேக்கை மிதித்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

"க்ளட்ச்லேர்ந்து கால எடுடா முட்டாப்பயலே! ஹேண்ட்பிரேக் எதுக்குடா இருக்கு, வேடிக்கை பாக்கவா?"

பேசியது யார் என்று மாஸ்டரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

மச்சினன் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று நினைத்தபோது அவருக்கு இன்னும் ஏறியது. பிறகுதான் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். எஞ்சினை எழுப்பினான். ஒரு விரற்கடைகூடப் பின்னால் நழுவாமல் வண்டி மேடேறியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கியர் மாறியதே தெரியவில்லை.

மாஸ்டர் குனிந்து அவன் காலைப் பார்த்தார்; அது க்ளட்ச் மேல் இல்லை.

பின்சீட்டிலிருந்து மனைவியின் கை நீண்டு தம்பியின் தோளைத் தட்டியது.

"போதும்டா. கோவம் வந்தா வார்த்தை வரும்னு டீச்சர் சொன்னது பலிச்சிருச்சு. இனிமே ஒழுங்கா ஓட்டு."

மாஸ்டருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. டீச்சரும் கூட்டு. கட்டியவளும் கூட்டு. எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல க்ளட்ச் பிளேட்டைக் கரியாக்கியிருக்கிறார்கள்!

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். 'பிளே' என்று தொடங்கியதும் நாக்கு மறுபடி மடங்கிக்கொண்டது.

பரவாயில்லை. கோபத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. வீடு போய்ச் சேர இன்னும் நிறையத் தூரம் இருந்தது.