பகலில் தெரிந்த அருந்ததி

"வகுப்பு மொத்தத்துக்கும் முட்டையா மேடம்? வானத்தைப் பார்த்துத்தானே எழுதுனாங்க!" என்று முதல்வர் கத்தினார்.

"அருந்ததின்னு அவங்க குறிச்சது நகைக்கடை ஏத்திவிட்ட விளம்பரச் செயற்கைக்கோள், சார். அந்த வெளிச்சத்துல நிஜ அருந்ததி காணாமலே போச்சு!" வானியல் ஆசிரியை பூங்கோதையும் குரலை உயர்த்தினாள்.

"அந்தக் கடைதான் நம்ம கல்லூரிக்கே படியளக்குது!"

அவள் மசியவில்லை, வேலை போனது.

ஆவணியில் அவளுக்கே கல்யாணம். அம்மி மிதித்ததும் மாப்பிள்ளை, பட்டப்பகலில் மினுங்கிய அதே விளம்பரக்கோளைக் கைகாட்டினான். முட்டை வாங்கிய மாணவிகள் முன்வரிசையில் அவள் வாயையே பார்த்திருந்தார்கள்.

"அருந்ததி தெரியுதுன்னு சொல்லும்மா, பந்தி காத்திருக்கு," என்றாள் மாமியார்.

"தெரியுது," என்றாள் பூங்கோதை.

மறுவாரமே புருஷனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். அங்கே கணக்குப் பாடம் மட்டும்தான் எடுக்கிறாளாம்.