மடக்கிய கை

இப்போதெல்லாம் சனங்களுக்கு வூட்டு விஷயத்தை மைக்கில் கக்கினால்தான் சோறு செரிக்கிறது என்று முனகிக்கொண்டே கிருஷ்ணப்பன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ராயபுரம் சமூகக்கூடத்தில் கதை சொல்லும் சாயங்காலம். தனக்கு நடந்ததை மட்டும்தான் சொல்லவேண்டும். டீ ஓசி.

ஆறாவதாக மேடையேறியவன் பீம்ராவ். துறைமுகத்தில் கிருஷ்ணப்பன் ஓட்டிய கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டியவன். செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் இருபத்திரண்டு வயசுதான் இருக்கும்.

"நிறுத்துன்னு கையை மடக்கித் தூக்கிக் காட்டினேன். இவரு சரக்கை என் மேலயே எறக்கிட்டாரு. அப்பால விசாரணையில, எறக்குன்னு நான்தான் காட்டினேன்னு சொல்ட்டாரு. எங்கம்மா சாவுற வரிக்கும் என்னியதான் திட்டிகினு இருந்துச்சு."

மற்ற கதைகளுக்குத் தட்டியதுபோலவே எல்லாரும் கைதட்டினார்கள்.

"பொய்யி! எறக்குன்னுதான்டா காட்டுன!" என்று கத்தினார் கிருஷ்ணப்பன்.

கூட்டம் நடத்தும் அனிஷா பட்டியலைப் பார்த்தாள். "மேல வந்து சொல்லுங்க நைனா. ஏழாவது உங்க பேருதான் கீது."

"நான் எவங்கிட்டயும் பேர் குடுக்கல."

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, கையை மடக்கித் தூக்கிக் காட்டினார்கள். கிருஷ்ணப்பன் பார்த்தார். அன்றைக்கும் நன்றாகத்தான் பார்த்தார்.

"கலீஜ் கும்பல். எவனும் கை காட்டல" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்தார்.