எதிர்க்கடைக்குப் போன கணக்கு

பெரியவர் குடோனிலிருந்து வருவதற்குள் எண்ணை மாற்றிவிட வேண்டும்.

மெஷின்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து புதிய பில் மெஷினின் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் கடவுச்சொல்லே தப்பித் தப்பிப் போனது.

பெரியவரின் இந்தக் குழாய்க் கடையில் பழைய மெஷினைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியவர் அவர்தான். போன மாதம்.

இரவு கடை மூடும்போது 'நாள் முடிவு' என்ற பட்டனை அமுக்கினால், அன்றைய வியாபாரம் எவ்வளவு என்று முதலாளியின் கைபேசிக்குத் தானாகவே செய்தி போகும். அதற்கு ஓர் எண்ணைப் பதிய வேண்டும். பெரியவர் சொன்னார், இவர் பதிந்தார்.

இன்று காலை அந்த எண்ணிலிருந்து மெஷின் கம்பெனி அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. "நேத்துக் கணக்கு வரலையே, மெஷின் கெட்டுப்போச்சா?"

போனை எடுத்து விவரம் கேட்ட பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூப்பிட்டவர் பெரியவர் இல்லை. எதிர்க்கடைக்காரர்.

அதே குழாய், அதே வால்வு, அதே ஆணி விற்கிற எதிர்க்கடை. அதன் முதலாளி, பெரியவரின் கூடப்பிறந்த தம்பி. பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் ஷட்டரைத் தூக்கினால் மற்றவர் உள்ளே திரும்பி, ஒழுங்காக இருக்கிற சாமானை ஒழுங்குபடுத்துவார்.

கட்டிய மனைவியிடம்கூட ஒரு வியாபாரி முழுசாகச் சொல்லாத கணக்கு, ஒரு மாதமாக எதிராளியின் சட்டைப்பைக்குப் போயிருக்கிறது. வாங்கி வாங்கிப் பார்த்தவரும் மூச்சு விடவில்லை.

அண்ணன் எண்ணுக்குப் பதில் எப்படியோ தம்பி எண்ணைத் தட்டிய பாவத்துக்கு வேலை போகும். அதோடு விடாது. இந்தத் தெருவில் இனி ஒருத்தரும் இவரைப் படியேற்ற மாட்டார்கள்.

"என்ன மெஷின்காரரே, கல்லாவுக்குள்ள தலையை விட்டுட்டீங்க? உள்ள ஒண்ணும் இல்ல, நானே தேடிப் பார்த்துட்டேன்."

பெரியவர் கையில் ஒரு பித்தளைக் குழாயோடு நின்றிருந்தார்.

மெஷின்காரர் எழுந்தார். சமாளிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன் ஐயா. இப்பவே மாத்திடறேன். பெரிய மனசு பண்ணுங்க."

"தப்பெல்லாம் இல்ல. அவன் நம்பரைத்தான் நான் குடுத்தேன்."

மெஷின்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை.

பழைய மெஷினை விடவே மாட்டேன் என்று வருஷக்கணக்கில் அடம்பிடித்தவர் இந்த மனிதர். பட்டனில் எழுத்து அழிந்துபோனாலும் என் விரலுக்குக் கண் இருக்கிறது என்று விரட்டியவர். பிறகு ஒரு நாள் அவராகவே கூப்பிட்டனுப்பினார். பேப்பர் ரோலுக்குப் பேரம். வயருக்குப் பேரம். சுவரில் துளை போட்டதற்கும், என் சுவரைக் கெடுத்ததற்கு நீதான் எனக்குக் காசு தரணும் என்று பேரம். செய்தி அனுப்ப மாதக் கட்டணம் உண்டு என்றபோது மட்டும் வாயைத் திறக்காமல் எடுத்து வைத்தார்.

"ஏன் ஐயா?"

பெரியவர் குழாயால் மேலே காட்டினார். கடைக்கு மேல் ஓர் அறை. மனைவி போன பிறகு அதில் அவர் ஒண்டிக்கட்டை.

"ஒரு நாள் நான் மேலயே செத்துக் கிடந்தேன்னு வைங்க. வாடிக்கைக்காரன் என்ன பண்ணுவான்? கடை திறக்கலைன்னு எதிர்க்கடைக்குப் போயிடுவான். தப்புச் சொல்ல முடியாது, அவனுக்குக் குழாய் ஒழுகுது." குழாயை எதிர்க்கடைப் பக்கம் திருப்பினார். "தினம் அவனுக்கு ஒரு மெசேஜ் போகுது. ஒரு நாள் போகலைன்னா, என்னாச்சோன்னு எட்டிப் பார்ப்பான்ல?"

மெஷின்காரர் அவசரமாகத் தலையாட்டினார். "நேத்து நெட் போயிருக்கும். அதைச் சரி பண்ணிடறேன் ஐயா."

"நெட் நல்லாத்தான் இருந்துச்சு. பட்டனை நான் அமுக்கல."

அவர் குழாயின் மரையைக் கட்டைவிரலால் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி இல்லை.

"கதவுக்குத் தாழ்ப்பாள் போடல. மாடிப்படி லைட்டை அணைக்கல, அவனுக்கு முட்டிவலி, இருட்டுல தடுமாறுவான். விடிஞ்சும் ஷட்டரைத் தூக்காம, வெயில் ஏறுற வரைக்கும் மேலயே உட்கார்ந்திருந்தேன்."

தெருவுக்கு அந்தப் பக்கம் தம்பி தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"காலையில ஆபீஸ் திறக்கிறதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருக்கார் ஐயா," என்றார் மெஷின்காரர். "எடுக்க ஆளில்லை. விடாம அடிச்சுக்கிட்டே இருந்திருக்கார்."

பெரியவரின் கட்டைவிரல் நின்றது.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆயுசு முழுக்கப் பொய்யைக் கேட்டே வியாபாரம் பண்ணியவரிடம் அது செல்லாது.

"மெஷினைப் பத்தித்தான் கேட்டார்."

பெரியவர் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை கட்டாது என்று இறங்கிப் போகிற ஆள், போகிறானா, தெருமுனையில் நடையைத் தளர்த்துகிறானா என்று கணிக்கிற பார்வை.

"பாதி படிஞ்சிருக்கான்," என்றார். "இன்னிக்கும் அமுக்க மாட்டேன்."

மெஷின்காரர் எண்ணை மாற்றாமலே பையைத் தோளில் மாட்டினார். படி இறங்கும்போது பின்னாலிருந்து பெரியவர் கூப்பிட்டார். அந்தக் குரலில் பேரம் இல்லை.

"மெஷின்காரரே, நாளைக்குக் காலையில அவன் கூப்பிட்டா, யாரும் போனை எடுக்காதீங்க."