பன்னீர்செல்வத்தின் டீ

"தினம் பத்து நிமிஷம், அந்த மனுஷன் டீ குடிக்கறதுக்காக நாம காத்துக் கிடக்கணுமா?"

ஆபீஸ் பஸ்ஸில் புகார்க் கடிதத்தை நீட்டியபடி சுப்ரியா கேட்டாள்.

கேட்டது நியாயம்தான். ஊரின் இந்தக் கோடி பெஹாலாவில் ஏறி, அந்தக் கோடி சால்ட் லேக் ஆபீஸுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். இதில் அக்கவுண்ட்ஸ் பன்னீர்செல்வம் தினமும் பைபாஸ் பெட்ரோல் பங்க்கில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஆற அமர டீ குடிப்பார். யார் முறைத்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த சாய்பிரியாவுக்குப் பகீரென்றது. மூன்று வருஷமாக அவளுக்குக் குடலில் புண். முட்டிக்கொண்டு வந்தால் ஐந்து நிமிஷம் தாங்காது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் பஸ் ஏறுவாள். அவர் டீ குடிக்கிற சாக்கில்தான் அவளும் இறங்கி, பங்க் பாத்ரூமுக்கு ஓடுவாள். அதுவும் போனால் வேலையை விட வேண்டியதுதான்.

கையெழுத்துப் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு இவர்களோடு உட்காருவது?

"என்ன யோசனை? உங்க தமிழ்நாட்டுக்காரர்னு பாக்கறியா?"

சுப்ரியா சத்தமாகக் கேட்டதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாய்பிரியா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டே நாளில் உத்தரவு வந்தது, வழியில் பஸ் எங்கும் நிற்கக் கூடாது என்று. மறுநாள் பன்னீர்செல்வம் பஸ்ஸில் இல்லை. மெட்ரோவில் போகிறாராம்.

அன்றைக்குப் பார்த்து, பைபாஸைத் தொட்டதுமே வயிறு முறுக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது. இன்னும் முக்கால் மணி நேரம். இத்தனை பேர் நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குச் செத்துப்போவது மேல் என்று தோன்றியது.

எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சதீஷிடம் போனாள்.

அவள் கேட்கும் முன்பே பஸ் பங்க்குக்குள் திரும்பியது.

"டயர்ல ஏதோ சத்தம், பார்த்துடறேன்" என்று பின்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு சதீஷ் கதவைத் திறந்தான். அவள் ஓடினாள்.

திரும்பி வந்தபோது, அவன் நன்றாக இருந்த டயரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சதீஷ் அண்ணா, உங்களுக்கு எப்படி..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. பன்னீர் சார்தான் சொல்லிட்டுப் போனார்."

"அவரா?"

"அவருக்கு டீயே ஆகாது. வாங்கிக் கீழ கொட்டிடுவார். ஆபீஸ்ல அந்தக் கடிதத்தைக் காட்டினப்போ உங்க கையெழுத்தைப் பார்த்தார். ‘பாவம், பயந்து போட்டிருக்கும். அந்தப் பொண்ணு எழுந்து வந்தா, வாயைத் திறந்து கேக்க வைக்காதே, நிறுத்திடு’ன்னார்."